காரைத் தாழ்த்தினால் எது குறைகிறது? வேலூர்ச் சாலைகளை வைத்து ஒரு கணக்கு

சக்கரத்துக்கு மேலே, மட்கார்டு வளைவுக்குக் கீழே, கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும். கார் பிரியர்கள் பலருக்கு அந்தச் சந்து கண்ணை உறுத்துகிறது. அதை மூடுவதற்காகக் காரின் உடலைச் சக்கரத்தை நோக்கி இறக்குவதைத்தான் 'லோயரிங்' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காரென்றால் அது ஒரு விஷயம். காலையில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு வேலைக்குப் போய், மாலையில் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்கி, பௌர்ணமிக்கு ஐந்து பேரோடு திருவண்ணாமலைக்கும் ஓடுகிற கார் வேறு விஷயம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது காரைப் பற்றியது.

'30 மி.மீ. இறக்கினால் ஒன்றும் ஆகாது' என்று ஒரு தரப்பு சொல்கிறது. 'கார் கெட்டது' என்கிறது மற்றொன்று. இரு தரப்பும் பேசுவது கிரவுண்ட் கிளியரன்ஸ் எனப்படும் தரை இடைவெளியைப் பற்றி மட்டுமே. அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அது எந்த விளம்பரத் தாளிலும் வருவதில்லை. பள்ளத்திலோ மேட்டிலோ ஏறும்போது சக்கரம் உடலுக்குள் மேலேற எவ்வளவு இடம் மிச்சம் என்பதே அந்த எண். இங்கே அதை 'அமுங்கும் தூரம்' என்று அழைப்போம்.

முதலில் சில சொற்கள்

1. ஸ்பிரிங்: காரின் எடையைத் தாங்குவது இதுதான். கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை முடிவு செய்வதும் இதுவே.

2. ஷாக்கப்சர்: இது எடையைத் தாங்குவதில்லை. அமுங்கிய ஸ்பிரிங் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்காமல் ஆட்டத்தை அடக்குவது இதன் வேலை. முன்சக்கரங்களில் ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் சேர்ந்த ஒற்றைத் தூண் நிற்கும். அதற்கு ஸ்ட்ரட் என்று பெயர். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் முன்னால் இந்த அமைப்புதான்.

3. பம்ப் ஸ்டாப்: ஷாக்கப்சர் முழுதாக அமுங்கி இரும்போடு இரும்பு மோதிவிடாமல் தடுக்கும் ரப்பர் அல்லது நுரைக் கட்டை. அமுங்கும் தூரம் முடிகிற இடம் இது.

4. லோயர் ஆர்ம்: சக்கரத்தின் அடிப்பகுதியை உடலோடு இணைக்கும் கை. இது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது, பின்னால் வருவோம்.

அமுங்கும் தூரம்: நாற்பதும் நாற்பதும் எண்பது

காலியாக நிற்கும் ஒரு காரில் பின்சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் 80 மி.மீ. மேலேறலாம் என்று வைத்துக்கொள்வோம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பைகள். பின்பக்கம் மட்டும் 200 கிலோ கூடுகிறது. ஒவ்வொரு பின் ஸ்பிரிங்கும் 1 மி.மீ. அமுங்க 2.5 கிலோ வேண்டும் என்றால், இரண்டும் சேர்ந்து 5 கிலோ. 200ஐ 5ஆல் வகுத்தால் 40. ஆக, ஆட்கள் ஏறி உட்கார்ந்ததுமே 40 மி.மீ. போய்விட்டது. மேடு பள்ளத்துக்கு மிச்சம் 40.

இப்போது அதே காரை 40 மி.மீ. தாழ்த்துங்கள். 80இல் 40 லோயரிங்குக்கு, 40 குடும்பத்துக்கு. மிச்சம் பூஜ்யம். கார் ஸ்பிரிங்கின் மேல் நிற்பதை விட்டுவிட்டு ரப்பர் கட்டையின் மேல் நிற்கிறது. நூற்றுக்கு 25 பங்கு கெட்டியான ஸ்பிரிங் போட்டிருந்தால் குடும்பப் பாரத்துக்கு 40க்குப் பதில் 32தான் அமுங்கும். மிச்சம் 8 மி.மீ. ஒரு விரல் தடிமன்கூட இல்லை.

'கெட்டி ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும்' என்ற பேச்சை இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஸ்பிரிங் விழுங்கும் அதிர்ச்சி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால், அதே அதிர்ச்சியை விழுங்க ஸ்பிரிங் நாலு மடங்கு கெட்டியாக வேண்டும். 80 மி.மீ. 50 ஆகக் குறைந்தால்கூட இரண்டரை மடங்கு வேண்டும். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் பொதுவாக நூற்றுக்கு 20, 30 பங்குதான் கூடுதல் கெட்டி. நாலு மடங்கு கெட்டியாக ஒன்றைச் செய்து போட்டால் அந்தக் காரில் முதுகெலும்பு உள்ள யாரும் உட்கார முடியாது. ஷாக்கப்சர் ஓரளவு கைகொடுக்கும், ரப்பர் கட்டை ஓரளவு கைகொடுக்கும், பற்றாக்குறை பற்றாக்குறைதான்.

கட்டையில் மோதினால் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். சத்தத்தை விட்டுத் தள்ளலாம். பயப்பட வேண்டியது வளைவில் மோதும்போதுதான். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்கள் நிறைந்த கார் வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. வெளிப்பக்கப் பின்சக்கரம் அப்போது கட்டையைத் தொட்டுவிட்டால், மெத்தென்றிருந்த ஸ்பிரிங் அந்த நொடியே கல்லாகிவிடுகிறது. அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று விட்டுப்போகும்; காரின் பின்பகுதி வெளியே விலகும். மலையில் வேகம் குறைவு, சமாளித்துக்கொள்ளலாம். 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் வளைவும் பாலத்தின் இணைப்பு மேடும் ஒரே இடத்தில் வந்தால், சமாளிக்க நேரம் கிடைக்காது.

வேகத்தடைகளும் வாசல் சாய்வும்

தரை இடைவெளிக் கணக்கை இப்போது பார்ப்போம். மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்கிறேன்: தரை இடைவெளி 163 மி.மீ., முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,450 மி.மீ. அந்த 163 காலி காரின் அளவு. ஆட்கள் ஏறினால் பின்பக்கம் அதிகமும் முன்பக்கம் குறைவுமாகத் தாழும். காரின் நடுப்பகுதி 25 மி.மீ. இறங்குவதாகக் கொள்ளலாம். எனவே நடுவில் 138. காரை 40 மி.மீ. தாழ்த்தியிருந்தால் 98.

இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டுதலின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பு, வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. அகலம் 3.7 மீட்டர் என்பதால் காரின் நாலு சக்கரங்களும் ஒரே நேரத்தில் அந்த மேட்டின் மேலேயே நிற்கும். முன் பின் சக்கரங்களுக்கு நடுவே மேடு எழும்பி நிற்பது வெறும் 44 மி.மீ. ஆகவே தாழ்த்திய காரில், ஆட்களோடு, இன்னும் 54 மி.மீ. மிச்சம் இருக்கும். அடி உரசாது.

தெருவில் உள்ள கதை வேறு. சக்கரங்களுக்கு நடுவே முழுசாக அடங்கிவிடும் குறுகலான மேடுகள் நம் ஊர்த் தெருக்களில் ஏராளம். அப்படி ஒரு மேடு 120 மி.மீ. உயரம் என்று வையுங்கள். விதிப்படியான மேட்டைவிட 20 மி.மீ.தான் கூடுதல். ஆனால் அது காரின் வயிற்றிலிருந்து 44ஐ எடுப்பதில்லை, முழு 120ஐ எடுக்கிறது. கம்பெனி உயரத்தில் உள்ள கார் 138இல் 18 மிச்சம் வைத்துத் தாண்டிவிடும். தாழ்த்திய காருக்கு இருப்பதே 98தான்; 22 மி.மீ. உரசிக்கொண்டு போகும். கெட்டி ஸ்பிரிங்கால் ஐந்து மி.மீ. கூடக் கிடைத்தாலும் முடிவு மாறாது. இது கார் ஆடாமல் ஊர்ந்து கடந்தால் உள்ள கணக்கு. கொஞ்சம் வேகமாகப் போய் மூக்கு குத்தினால் இன்னும் மோசம். உரசுவது எது என்பதும் முக்கியம்: சைலன்சர் குழாய் என்றால் நசுங்கும், பார்த்துக்கொள்ளலாம். இன்ஜினின் ஆயில் சேம்பர் என்றால், ஒரு விரிசல் போதும். ஆயில் முழுதும் இறங்கி, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிவதைக் கவனிப்பதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது வாசல். சாலைமேல் சாலையாகப் போட்டு உயரம் ஏறிய தெருக்களில், மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டை இரண்டடி உயர்த்திக் கட்டுகிறார்கள். கால்வாயைத் தாண்டி போர்ட்டிகோவுக்கு ஏறும் சாய்வுக்கு இடம் போதாது. அதனால் சாய்வு செங்குத்தாகிறது. சாய்வும் சமதளமும் சேரும் மேல்முனையில்தான் காரின் வயிறு இடிக்கும். ஸ்விஃப்ட் அளவை வைத்துக் கணக்கிட்டால்:

1. கம்பெனி உயரம், காலி கார்: 15 பாகை வரை ஏறும். நாலடிக்கு ஓரடி உயரும் சாய்வு 14 பாகை, ஏறிவிடும்.
2. கம்பெனி உயரம், ஆட்களோடு: சுமார் 13 பாகை. நாலடிச் சாய்வில் இடிக்கும், ஐந்தடிச் சாய்வில் ஏறும்.
3. 40 மி.மீ. தாழ்த்தியது, காலி: பதினொன்றரை பாகை. ஐந்தடிக்கு ஓரடிச் சாய்வு 11.3 பாகை, நூலிழையில் தப்பும்.
4. தாழ்த்தியது, ஆட்களோடு: 9 பாகை சொச்சம். ஏழடிக்கு ஓரடி வேண்டும்.

இரண்டடி உயர வாசலுக்கு ஏழடிக்கு ஓரடி என்றால் 14 அடி நீளச் சாய்வு. தோட்டப்பாளையம் மாதிரி நெருக்கமான பகுதியில் தெருவின் அகலமே அதற்குக் காணாது. அம்மா அப்பாவைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, காலி காரை மட்டும் உள்ளே ஏற்றுவது நாள்தோறும் நடக்கும் வேலையாகிவிடும்.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளங்கள், சாலையைவிட உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும் மேன்ஹோல் மூடிகள், நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் இடத்தில் உடைந்த ஓரங்கள் ஆகியவற்றுக்குச் சூத்திரம் போட முடியாது. ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

தாழ்ந்த கார் வளைவில் நன்றாக நிற்கும் என்பது எவ்வளவு உண்மை?

கொஞ்சம் உண்மை. ஒரு சின்னக் காரின் எடைமையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருந்தால், 40 மி.மீ. இறக்குவதால் வளைவில் ஒருபக்கமாகச் சாயும் எடை நூற்றுக்கு 7 பங்கு குறையும். ஓட்டுபவருக்குத் தெரியும் அளவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்று நடக்கிறது. லோயரிங் பற்றிய பேச்சில் மிகவும் விட்டுப்போவது இதுதான்.

கார் வளைவில் சாயும்போது உடல் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. அதை ரோல் சென்டர் என்பார்கள். எடைமையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் உடலைச் சாய்க்கும் நெம்புகோல். ஸ்ட்ரட் அமைப்பில் அந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்பதை லோயர் ஆர்மின் கோணம் பெருமளவு தீர்மானிக்கிறது. உடலைத் தாழ்த்தினால் ஆர்மின் சக்கரப்பக்க முனை உடல்பக்க முனையோடு சமமாகி, பிறகு அதற்கும் மேலே போய்விடும். அப்போது ரோல் சென்டர் உடலைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. நெம்புகோல் நீள்கிறது. எடைமையம் தாழ்ந்தும் கார் முன்னைவிட அதிகம் சாய முற்படுவது இதனால்தான். பந்தயக் கார்களில் இதைச் சரிக்கட்ட, ஆர்மைச் சக்கரப்பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் தனியாகச் செய்து போடுகிறார்கள். வெறும் ஸ்பிரிங் மாற்றிய காரில் சாய்வு குறைந்ததுபோல் தெரிந்தால், அந்தப் பெருமை பெரும்பாலும் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மைக்கே சேரும்.

அதே கோண மாற்றம் டயரையும் தின்னும். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது கேம்பர். மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. தாழ்த்தியதும் இரண்டுமே மாறும். டயரைச் சீக்கிரம் தேய்ப்பதில் டோ முதலிடம். கேம்பர் அதற்குத் துணை போகும். வீல் அலைன்மென்ட் கடையில் சின்னக் கார்களுக்கு முன்பக்க டோவைத்தான் சரிசெய்ய முடியும். கேம்பருக்கு ஸ்ட்ரட் போல்ட்டில் உள்ள சொற்ப இடைவெளி தவிர வேறு வழி இல்லை. தேய்வது டயரின் உள் ஓரம் என்பதால் நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிவைத்து உள்பக்கம் கையைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வெளி ஓரம் புதிதுபோல் இருக்க, உள் ஓரத்தில் நூல் தெரியும் டயரோடு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் உண்டு.

எப்படித் தாழ்த்துகிறார்கள்

1. ஸ்பிரிங்கை வெட்டுவது. கட்டிங் மெஷினால் ஒரு சுற்றை வெட்டி எடுப்பது. செலவு சொற்பம், கெடுதல் பெரிது. ஐந்து சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கெட்டித்தன்மை கால் பங்கு கூடும். ஷாக்கப்சர் பழைய ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாகச் செய்தது என்பதால் ஆட்டத்தை அடக்கத் திணறும். அதைவிட ஆபத்து, நுனி. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அதன் இருக்கையில் சரியாக உட்கார்வதற்கென வளைக்கப்பட்டது. வெட்டியபின் கூர்மையான முனை எங்கோ ஒரு புள்ளியில் அழுத்தும். நீளமும் குறைந்துவிட்டதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையை விட்டு நகரலாம். திரும்ப எடை ஏறும்போது அது பழைய இடத்தில்தான் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2. கேஸ் வைத்துச் சூடாக்குவது. ஸ்பிரிங் எஃகின் உயிரே அதற்குக் கொடுத்த வெப்பப் பதம். சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும். ஸ்பிரிங் நாளாக நாளாகத் தானாகவே இறங்கும், ஒருநாள் உடையும். இதைச் செய்துதரும் பட்டறையில் காரை விடவே கூடாது.

3. லோயரிங் ஸ்பிரிங். குறைந்த உயரத்துக்கென்றே வடிவமைத்தது. முனைகள் சரியாக இருக்கும். 15 முதல் 25 மி.மீ. வரை இறக்குவதும், அதற்கேற்ற ஷாக்கப்சரையும் கூடவே மாற்றுவதும் நாள்தோறும் ஓடும் காருக்கு என் கணக்கில் மேல்வரம்பு. பழைய ஷாக்கப்சரையே விட்டுவைத்தால் அது சீக்கிரம் ஆயில் கசியும்.

4. காயில்ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் ஒன்றாக வரும் தொகுப்பு. உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உயரத்தைக் குறைக்கும்போது ஸ்பிரிங்கின் இருக்கை கீழே இறங்குகிறதா, ஷாக்கப்சரின் அடிக்கூடு மொத்தமும் நகர்கிறதா? முதல் வகையில் உயரம் குறையக் குறைய அமுங்கும் தூரமும் குறையும். இரண்டாம் வகையில் ஷாக்கப்சருக்குள் தூரம் அப்படியே இருக்கும். அப்போது டயர் மட்கார்டின் உட்கூட்டைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை. மேட்டில் ஏற்றி, நல்ல சாலையில் இறக்கிக்கொள்ளலாம். விலை, கசிவு, பராமரிப்பு மூன்றையும் தாங்குபவர்களுக்கு.

பிரேக்கும் முகப்பு விளக்கும்

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத சில பழைய கார்களில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் 'பாரம் ஏறியிருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். தாழ்த்திய காரில் அது எப்போதும் ஏமாந்துகொண்டே இருக்கும். ஈரச்சாலையில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலும். அப்படியான காரைத் தாழ்த்தவே வேண்டாம். முகப்பு விளக்கின் ஒளிக்கோணத்தையும் வேலை முடிந்ததும் சரிபார்க்க வேண்டும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்தது: அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

'ஆர்.சி.யில் தரை இடைவெளி என்று ஒரு கட்டமே இல்லை, அதனால் பிரச்சினை இல்லை' என்று கடையில் சொல்வார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அதிலிருந்து தானாக வந்துவிடாது. டி.என். 23, டி.என். 73 எண்ணில் ஓடும் 15 ஆண்டு முடிந்த காரைப் பதிவு புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் கொண்டுபோகும்போது ஆய்வாளர் நேரில் பார்ப்பார். வெட்டிய ஸ்பிரிங்கை ஒளித்துவைக்க முடியாது. இன்சூரன்ஸில் மாற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப்பின் இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ அவர்களுக்கு ஒரு காரணத்தை நாமே கொடுத்ததாகிவிடும். வாரன்டியும் அப்படியே.

முடிவெடுக்குமுன் ஒரு வாரச் சோதனை

கார் எட்டு, பத்து வருடப் பழையது, வளைவில் ஆடுகிறது என்பதால் லோயரிங் யோசிப்பவர்கள், ஷாக்கப்சர், லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் உடலோடு சேரும் இடத்து ரப்பர்), லிங்க் ராடு (சாய்வைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் தண்டு) மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் அவற்றின் தேய்மானம். அவை நன்றாக இருந்தும் தாழ்த்த விரும்பினால்:

1. காலி காரைச் சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள்.

2. வழக்கமாக ஏறுகிற ஆட்களையும் பைகளையும் ஏற்றி மறுபடி அளங்கள். வித்தியாசம்தான் உங்கள் குடும்பம் எடுத்துக்கொள்ளும் தூரம். நான் மேலே சொன்ன 40 உங்கள் காரில் 30ஆகவும் இருக்கலாம், 50ஆகவும் இருக்கலாம்.

3. பின் ஷாக்கப்சரின் தூசி உறையை மெக்கானிக்கிடம் தூக்கச் சொல்லி, பளபளப்பான ராடில், அதைக் கீறாமல், ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை நகரும் அளவுக்கு மாட்டி, ஷாக்கப்சரின் உடலோடு ஒட்டும்வரை தள்ளிவிடுங்கள். அமுங்கும் ஒவ்வொரு முறையும் அது ராடில் மேலே நகர்ந்து, அதிகபட்சம் எட்டிய இடத்திலேயே நிற்கும்.

4. ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள்: கிரீன் சர்க்கிள், காட்பாடி மேம்பாலம், வீட்டுத் தெரு, முடிந்தால் ஆட்களோடு ஒரு வெளியூர்ப் பயணம்.

5. பிறகு கேபிள் டைக்கும் பம்ப் ஸ்டாப்பின் அடிக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்று அளந்து பாருங்கள். 30 மி.மீ. மிச்சம் இருந்தால் 15 மி.மீ. இறக்குவதைப் பற்றிப் பேசலாம். கம்பெனி உயரத்திலேயே டை கட்டையோடு ஒட்டி நின்றால், அந்தக் காரிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு மி.மீ.கூட இல்லை.